‘பரவாயில்லை’ என்று சொல்லிவிடாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, முடக்குவாதக்காரர்களின் அன்றாட வாழ்க்கை பற்றிய ஓர் ஆய்வில் நானும் பேசியிருக்கிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த இதழ் முழுக்க. புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். திருநெல்வேலிப் பக்கம். 2007 முதல் எனக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். எங்கள் ஊரில் சரவாங்கி என்பார்கள். இதுவரை மூன்று ஆய்வுகளில் கலந்துகொண்டிருக்கிறேன். மருந்தைக் கூட்டவா, குறைக்கவா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது உங்களைப் பார்க்கும் டாக்டர் சொல்ல வேண்டியது.

கேள்வி: எனக்கு 46 வயது. தீப்பெட்டி ஆபீசில் வேலை. ஐந்து வருடமாக முடக்குவாதம். மணிக்கட்டு, விரல், பாதம் எல்லாம் வலிக்கும், ஆனாலும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். போன மாதம் டாக்டர், “உங்களுக்கு மாடரேட் நிலை. இப்படி உள்ளவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஓர் ஆய்வு நடக்கிறது. ஒரு மணி நேரம் பேச வருவீர்களா?” என்று கேட்டார். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களிடம் கேட்டால் சரி. என்னிடம் கேட்க என்ன இருக்கிறது அம்மா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: போய்ப் பேசுங்கள் தாயி. உங்களைப் போன்றவர்களிடம்தான் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

‘மாடரேட்’ என்ற சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். டாக்டர் உங்கள் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டு எண்ணியிருப்பார். தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல் மூட்டுகள், முழங்கால், ஆக மொத்தம் 28. எத்தனை மூட்டு வலிக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. எவ்வளவு, உங்கள் நிலைமைக்கு நீங்களே எத்தனை மதிப்பெண் போடுகிறீர்கள் என்ற நான்கையும் ஒரு கணக்கில் சேர்த்தால் ஓர் எண் வரும். சீட்டில் டி.ஏ.எஸ். 28 என்று எழுதியிருக்கும். 5.1-க்கு மேலே போனால் கடுமை. 3.2-க்கும் 5.1-க்கும் நடுவில் மிதம். 2.6-க்குக் கீழே வந்தால் நோய் அடங்கியிருக்கிறது என்று பொருள்.

இந்தக் கணக்கு தேவையானதுதான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த 28 மூட்டுகளில் பாதம் கிடையாது, கணுக்கால் கிடையாது. நீங்கள் பாதம் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான். விடியற்காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது கூழாங்கல்லின் மேல் நிற்கிற மாதிரி இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பின்கட்டுக்குப் போவேன். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போனால் என் எண் 3.9 என்று வரும். அந்த 3.9-க்குள் என் பாதம் இல்லை. நான் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

நடுவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. கடுமையாக இருப்பவர்களைப் பார்த்து வீட்டில் பயப்படுவார்கள், மருத்துவமனையில் மருந்தை மாற்றுவார்கள். அடங்கிப்போனவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். நடுவில் இருப்பவளைப் பார்த்து, “ஓடியாடிக்கிட்டுத்தானே இருக்க” என்பார்கள். வருடக்கணக்கில் அதே மருந்து, அதே அளவு, அதே வலி. இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. இங்கிலாந்தில் அரசு செலவில் கொடுக்கும் அடாலிமுமாப், எட்டனர்செப்ட் போன்ற விலை கூடிய ஊசிகள் வெகுகாலம் ‘கடுமை’ என்று எண் வந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்தன. மற்ற மாத்திரைகள் கைகொடுக்காத மித நிலைக்காரர்களுக்கும் அவற்றைக் கொடுக்கலாம் என்று 2021-இல்தான் முடிவானது.

மித நிலைக்காரர்களை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே டைட்ரேட் என்ற பெயரில் ஓர் ஆய்வும் நடந்தது. 335 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மீதிப் பேரை ஒரு வருடம் மாதாமாதம் வரச்சொல்லி, பெரும்பாலும் செவிலியர்களே உட்கார்ந்து பேசி, எண் இறங்காவிட்டால் மருந்தை மாற்றிக்கொண்டே வந்தார்கள். வருட முடிவில் வழக்கமான வைத்தியத்தில் நோய் அடங்கியவர்கள் 18 சதவீதம், மாதாமாதம் கவனிக்கப்பட்டவர்களில் 32 சதவீதம். மிதம் என்றால் அப்படியே விட்டுவிடலாம் என்று இனி யாரும் சொல்லாதிருக்க இந்தக் கணக்கு உதவும். அந்த 335 பேரில் பலரும் உங்களைப் போல ‘என்னிடம் கேட்க என்ன இருக்கிறது’ என்று நினைத்திருக்கக்கூடியவர்கள்தான்.

உங்களைக் கூப்பிட்டிருப்பது மருந்து ஆய்வுக்கு இல்லை, பேச்சு ஆய்வுக்கு. அதாவது உங்கள் அனுபவத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். அதற்கும் ஒரு முன்கதை உண்டு. நோயாளிகளின் அசதியை ரொம்பக் காலம் ஆய்வுகளில் கட்டாயமாக அளந்ததே இல்லை. மூட்டு வலி, வீக்கம், ரத்தப் பரிசோதனை இவற்றோடு சரி. முடக்குவாத ஆய்வுகளில் எதை எதை அளக்க வேண்டும் என்று முடிவு செய்ய ஓமெராக்ட் என்று ஒரு குழு உண்டு. 2002-இல் ஆஸ்திரேலியாவில் அவர்கள் கூடியபோது முதல் முறையாக நோயாளிகளையும் அழைத்து உட்காரவைத்தார்கள். வந்த நோயாளிகள், “எங்களை முடக்கிப் போடுகிற அசதியை நீங்கள் கேட்பதே இல்லையே” என்ற விஷயத்தை அங்கே வைத்தார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சாரா ஹ்யூலெட் என்பவர் நோயாளிகளிடம் அசதியைப் பற்றி மட்டுமே விரிவாகப் பேசி 2005-இல் கட்டுரை வெளியிட்டார். அவர் செவிலியர், பிறகு பேராசிரியர் ஆனவர், அதில் எனக்குத் தனிப் பெருமை. முடக்குவாத ஆய்வு எதுவானாலும் அசதியையும் அளக்க வேண்டும் என்று 2007-இல் பரிந்துரை வெளிவந்தது. நோயாளிகள் உட்கார்ந்து பேசியதால் வந்தது அது.

அங்கே போய் என்ன சொல்வது என்று யோசிப்பீர்கள். என்னிடம் பேச வந்தது 25 வயதுகூட இருக்காத ஒரு பெண். “எப்படி இருக்கீங்க சிஸ்டர்?” என்றாள். “பரவாயில்லம்மா” என்றேன். நாற்பது வருடப் பழக்கம், வாயில் அதுதான் வரும். அவள் எதுவும் எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “இந்தக் கை முதல் தடவை உங்களை ஏமாத்தினது எப்போ?” என்றாள். அப்போதுதான் அந்த ராத்திரி டியூட்டியைச் சொன்னேன். மூச்சிரைப்போடு ஒரு பெரியவர் வருகிறார். ஊசி போட வேண்டும். மருந்து இருக்கும் கண்ணாடி ஆம்ப்யூலின் கழுத்தை உடைக்க என் கட்டைவிரலில் பிடி இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரரின் மகனைக் கூப்பிட்டு உடைக்கச் சொன்னேன். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அரை நிமிடத்தை அதுவரை நான் யாரிடமும், என் வீட்டுக்காரரிடம்கூட, சொன்னதில்லை. 2006-இல் ஊரெல்லாம் சிக்குன்குனியா வந்து போயிருந்தது. எனக்கும் அந்த வலிதான் என்று ஒரு வருடம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தவள் நான்.

ஆகவே பெரிதாக எதுவும் யோசித்துக்கொண்டு போக வேண்டாம். காலையில் எழுந்தால் விரல் மடங்க எத்தனை நேரம் ஆகிறது, இட்லித் துணியை யார் பிழிகிறார்கள், பஸ் படியில் எந்தக் கையால் பிடித்து ஏறுகிறீர்கள், தீப்பெட்டி ஆபீசில் முன்பு ஒரு நாளில் எத்தனை முடித்தீர்கள், இப்போது எத்தனை, அதனால் சனிக்கிழமை கூலியில் எவ்வளவு குறைகிறது, இவற்றைச் சொல்லுங்கள். நல்ல நாள், கெட்ட நாள் இரண்டையும் சொல்லுங்கள். பதில் சொல்லப் பிடிக்காத கேள்வி வந்தால், “இதை விட்டுருங்க” என்று சொல்லலாம், தப்பில்லை. வலிக்கு உங்கள் ஊர்ச் சொல் எதுவோ அதையே சொல்லுங்கள். குத்தல் வேறு, குடைச்சல் வேறு, உளைச்சல் வேறு, கடுகடுப்பு வேறு. ‘பெயின்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

கேள்வி: என் மனைவிக்கு ஆறு வருடமாக இந்த நோய். ஒரு புது மாத்திரையைச் சோதிக்கிறார்கள், அதில் சேரலாம் என்று மருத்துவமனையில் கேட்கிறார்கள். அவளுக்கு ஆசை. எனக்குப் பயம். சோதனை எலியாக்கிவிடுவார்களோ என்று தூக்கம் வரவில்லை. நீங்களே சொல்லுங்கள்.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் பயம் நியாயமானது தம்பி. மேலே கோவில்பட்டித் தங்கச்சி கேட்டது பேச்சு ஆய்வு. அதில் நேரமும் மனமும்தான் செலவு. இது மருந்து ஆய்வு. இதில் உடம்புக்கு ஆபத்து இருக்கலாம், அதனால்தான் சட்டமும் கூடுதலாக இருக்கிறது.

2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, ஆய்வின்போது உங்கள் மனைவிக்கு உடல்நலக் கேடு ஏதாவது ஏற்பட்டால் அதற்கான சிகிச்சையை இலவசமாகக் கொடுக்க வேண்டும். கேடு ஆய்வினால்தான் வந்தது என்றால் இழப்பீடும் தர வேண்டும். மருந்து ஆய்வு எதுவானாலும் ஆள் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய ஆய்வுப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். இணையத்தில் போட்டால் யார் நடத்துகிறார்கள், எந்தெந்த ஊரில், எத்தனை பேர், எத்தனை வாரம் என்று எல்லாம் வரும். எண்ணைச் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒவ்வொரு ஆய்வையும் ஒரு நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அதில் டாக்டர்கள் மட்டும் இல்லை, சட்டம் தெரிந்தவர் ஒருவரும் மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத பொதுமனிதர் ஒருவரும் கண்டிப்பாக இருக்க வேண்டும். குழுவின் தொலைபேசி எண் ஒப்புதல் படிவத்தில் இருக்கும். ஆய்வு நடத்துகிறவர்களைத் தாண்டி நேராக அந்த எண்ணில் பேச உங்களுக்கு உரிமை உண்டு.

அந்தப் படிவத்தைப் பற்றி என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். 2014-இல் நான் சேர்ந்த மருந்து ஆய்வில், மதியச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் 22 பக்கப் படிவத்தை என் கையில் கொடுத்து, “நீங்களே சிஸ்டர், உங்களுக்குத் தெரியாததா, கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து” என்றார்கள். நான் ஆயிரம் பேரிடம் ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கியவள். அன்றைக்கு நாற்காலியின் அந்தப் பக்கம் உட்கார்ந்தபோதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. மனசு சங்கடப்பட்டது. “வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சிட்டு வியாழக்கிழமை வரேன்” என்றேன். முகம் கோணினார்கள். ஆனால் மறுக்க முடியாது. படித்துவிட்டு ஒன்பது கேள்வி எழுதிக்கொண்டு போனேன். டாக்டர் நல்லவர், ஒன்பதுக்கும் பதில் சொன்னார்.

உங்கள் மனைவியும் எழுதிக்கொண்டு போகட்டும். இந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்ஸேட்டை இப்போது சாப்பிட்டால், அதை நிறுத்துவார்களா, அதன் மேல் கூடுதலாகத்தான் புது மாத்திரையா? ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுக்கும் குழுவில் விழுந்தால் எத்தனை வாரம் அப்படி இருக்க வேண்டும்? நடுவில் நோய் ஏறினால் என்ன செய்வார்கள்? காசநோய்க்கு என்ன பரிசோதனை? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். இந்த வகைப் புது மருந்துகள் பல, உடம்பில் ஒளிந்திருக்கும் காசநோயைக் கிளப்பிவிடக்கூடும். எனக்கு எக்ஸ்ரேயும் எடுத்து, முன்கையில் மான்டூ ஊசியும் போட்டுப் பார்த்த பிறகுதான் சேர்த்தார்கள். ஆய்வு முடிந்த பிறகு மாத்திரை நன்றாகக் கேட்டிருந்தால் தொடர்ந்து கிடைக்குமா என்பதையும் கேட்கட்டும். கிடைக்காது என்றால் அதைத் தெரிந்துகொண்டு சேரலாம், தெரியாமல் சேரக் கூடாது.

எனக்குக் கிடைத்தது வெற்று மாத்திரை. எல்லாம் முடிந்து, யாருக்கு எது என்று மறைத்து வைத்திருந்ததைத் திறந்த பிறகு சொன்னார்கள். முதல் மாதம் நன்றாக இருந்தது, பிறகு கை வீங்க ஆரம்பித்தது, 12-ஆம் வாரம் படிவத்தில் சொன்னபடியே மருந்தை மாற்றினார்கள். ஏமாந்துவிட்டோமே என்று ஒரு நாள் அழுதேன். ஆனால் வெற்று மாத்திரை சாப்பிட்ட எங்களை வைத்துத்தான் புது மாத்திரை உண்மையிலேயே வேலை செய்ததா என்று சொல்ல முடிந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதம் ஆனது.

சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் எந்த நாளிலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதனால் வழக்கமான வைத்தியம் நிற்கக் கூடாது. முடிவை உங்கள் மனைவி எடுக்கட்டும். நீங்கள் கூடவே போங்கள். அவர் கேட்கிற கேள்வி அவருடையதாக இருக்கட்டும், நீங்கள் பதிலை எழுதிக்கொள்ளுங்கள். விரல் வலிக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி.

கேள்வி: ஆய்வில் சேர்ந்தால் பணம் தருவார்களா?
– வாசகர், விருதுநகர்

பதில்: பஸ் செலவு, அன்றைய சாப்பாடு, சில இடங்களில் இழந்த கூலிக்கு ஈடு. ஆய்வுக்கான பரிசோதனைகளுக்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. சம்பாத்தியமாக நினைத்துச் சேராதீர்கள். பெரிய தொகை தருகிறேன் என்று யாராவது தேடிவந்தால் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள்.

கேள்வி: என் ஆச்சிக்கு 67 வயது. மருத்துவமனையில் ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்து, “இந்த ஓரம் வலியே இல்லை, அந்த ஓரம் தாங்க முடியாத வலி, உங்க வலி எங்கன்னு குறிங்க” என்றார்களாம். ஆச்சி நடுவில் ஒரு கோடு போட்டுவிட்டு வந்து, “தப்பாப் போட்டுட்டேனோ” என்று ஒரு வாரமாகப் புலம்புகிறார். எங்கே போட வேண்டும்?
– கல்லூரி மாணவி, தேனி

பதில்: ஆச்சியிடம் சொல், அதில் தப்பு என்றே ஒன்று கிடையாது. அந்தக் கோடு சரியாக 100 மில்லிமீட்டர் இருக்கும். ஆச்சி குறித்த இடத்தை ஸ்கேல் வைத்து அளப்பார்கள். 50-இல் இருந்தால் 50. முதல் பதிலில் சொன்னேனே, அந்த நான்கில் ஒன்று நோயாளியே போடும் மதிப்பெண் என்று, அதையும் இப்படியொரு கோட்டில்தான் வாங்குவார்கள்.

ஆனால் ஆச்சியின் புலம்பலில் ஓர் உண்மை இருக்கிறது. கோட்டைப் பார்த்தே பழகாதவர்களுக்கு வலியைக் கோட்டில் வை என்றால் புரியாது. நான் வார்டில் வேலை பார்த்தபோது பாட்டிமார் பலர் நடுவிலேயே போடுவார்கள். ஓரத்தில் போட்டால் மரியாதை இல்லை என்ற நினைப்பு. அடுத்த முறை போகும்போது ஆச்சியிடம் இப்படிக் கேட்டுப் பார்: “உன் வாழ்க்கையிலேயே வந்த பெரிய வலி எது? பிரசவமா, கை ஒடிஞ்சதா? அது அந்த ஓரம். இன்னிக்கு வலி அதுக்கு எவ்வளவு பக்கத்துல வருது?” விரலை வைத்துக் காட்டச் சொல். குறிப்பது ஆச்சியாகத்தான் இருக்க வேண்டும், நீ குறித்துவிடாதே. பாசத்தில் நாம் எப்போதும் கூட்டிப் போட்டுவிடுவோம்.

கோட்டோடு கேள்விப் பட்டியலும் கொடுத்திருப்பார்கள். அதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல ஆசை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 1980-இல் உருவான ஹாக் என்ற பட்டியல்தான் உலகம் முழுக்கப் போனது. அதில் தொட்டியில் குளிக்க முடிகிறதா, பால் அட்டைப் பெட்டியைத் திறக்க முடிகிறதா, வேக்வம் கிளீனர் போட முடிகிறதா என்றெல்லாம் கேள்விகள் இருந்தன. தேனியில் உன் ஆச்சி இதற்கு என்ன பதில் சொல்வார்? நம் நாட்டு டாக்டர்கள் அதை மாற்றி 2002-இல் 12 கேள்வி கொண்ட இந்தியப் பட்டியலை வெளியிட்டார்கள். சேலையோ வேட்டியோ கட்ட முடிகிறதா, கக்கூஸில் குத்தவைத்து உட்கார முடிகிறதா, அல்லது தரையில் சம்மணம் போட முடிகிறதா, குழாயைத் திருக முடிகிறதா, ஆட்டோவில் ஏறி இறங்க முடிகிறதா, காய்கறிச் சந்தைக்குப் போய்வர முடிகிறதா என்று கேட்டது அது. குத்தவைத்து உட்கார முடியாமல் விடியுமுன் எத்தனை பெண்கள் அழுதிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதை ஒரு கேள்வியாக அச்சில் பார்த்தபோது மனசு நிறைந்துபோனது.

என் மூன்றாவது ஆய்வு இந்த மாதிரி வேலைதான். ஆங்கிலக் கேள்விகளைத் தமிழாக்கி, ஊர்க்காரர்களுக்குப் புரிகிறதா என்று எங்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஓரிடத்தில் ‘சோர்வு’ என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, “எனக்கு மனக்குறை ஒண்ணும் இல்லையே” என்றார். சோர்வு என்றால் அவருக்கு மனச்சோர்வு. “காலையில பத்து மணிக்கே கை கால் ஓஞ்சு போகுமே, அதுதான்” என்று நான் விளக்கியதும், “அடியே, அது அசதியில்ல!” என்றார். ‘அசதி’ என்று மாற்றிக்கொண்டார்கள். ஒரு சொல் மாறியதில், அந்த அம்மா பூஜ்யம் போட இருந்த இடத்தில் மூன்று போட்டார். உன் ஆச்சிக்கும் கேள்வியில் எந்தச் சொல்லாவது புரியவில்லை என்றால் உடனே சொல்லச் சொல். அவர்களுக்கு அதுவும் தேவையான தகவல்.

கேள்வி: நான் இரண்டு வருடமாக ஆயுர்வேத மருந்தும் சேர்த்துச் சாப்பிடுகிறேன். ஆய்வில் சேர்ந்தால் அதைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் திட்டுவார்களே.
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். திட்டினாலும் சொல்லுங்கள். கசாயம், சூரணம், பஸ்பம், பக்கத்து வீட்டார் கொடுத்த பொடி எதுவானாலும் சொல்லுங்கள். பெயர் போடாத பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டைக் கலந்து விற்கிறார்கள். சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிடும், நாளடைவில் முகம் உப்பிவிடும், ஆய்வுக் கணக்கும் பொய்யாகிவிடும். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்களுக்குக் கல்லீரல் பரிசோதனை அடிக்கடி பார்ப்பார்கள். அதில் எண் ஏறினால் எதனால் ஏறியது என்று கண்டுபிடிக்கவும் நீங்கள் சொன்னால்தான் வழி.

ஆயுர்வேதம் என்றாலே ஆராய்ச்சிக்காரர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், கோயம்புத்தூரிலேயே முடக்குவாதக்காரர்கள் 43 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2011-இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு ஆயுர்வேத மருந்தோடு வெற்று மெத்தோட்ரெக்ஸேட், இன்னொரு குழுவுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டோடு வெற்று ஆயுர்வேத மருந்து, மூன்றாவது குழுவுக்கு இரண்டும் நிஜம். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதித்த டாக்டருக்கும் தெரியாது. மூன்று குழுவுக்கும் பலன் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தது. 43 பேர் என்பது சின்ன ஆய்வு, முன்னோட்டம் மாதிரி. அதை வைத்துக்கொண்டு மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நான் இதைச் சொல்வது ஒன்றுக்காகத்தான்: ஆயுர்வேத மருந்தைப் பற்றி ஆராய்ச்சிக்காரர்களும் கேட்கத்தான் செய்கிறார்கள், அதனால் நீங்கள் சாப்பிடுவதை மறைக்க வேண்டியதில்லை.

கேள்வி: வயது 27. கல்யாணமாகி எட்டு மாதம். மிதமான முடக்குவாதம் என்கிறார்கள். மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். குழந்தையும் வேண்டும் என்று இருக்கிறோம்.
– வாசகி, திருப்பூர்

பதில்: கண்ணு, இப்போதைக்கு மருந்து ஆய்வு வேண்டாம். பெரும்பாலான மருந்து ஆய்வுகளில் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பது நிபந்தனை. நீ இப்போது சாப்பிடுவது மெத்தோட்ரெக்ஸேட் என்றால், அதோடு கர்ப்பம் தரிப்பது குழந்தைக்கு ஆபத்து. சில மாதம் முன்கூட்டியே நிறுத்தி, கர்ப்பத்துக்கு ஒத்துவரும் மருந்துக்கு டாக்டர் மாற்றித் தருவார். ‘குழந்தைக்குத் திட்டமிடுகிறோம்’ என்று அடுத்த தடவையே வாயைத் திறந்து சொல். மாமியார் கூட வந்தாலும் சொல். பேச்சு ஆய்வு ஏதாவது இருந்தால் தாராளமாகச் சேரலாம். இந்த நோயோடு கல்யாணம், கர்ப்பம், கைக்குழந்தையைத் தூக்குவது இவற்றைப் பற்றி நம் பெண்கள் பேசியது ரொம்பக் குறைவு.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் ஆய்வில் கலந்துகொண்டேன். மூன்று தடவை போனேன், ரத்தம் கொடுத்தேன், இரண்டு மணி நேரம் பேசினேன். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவ்வளவுதானா? மனசுக்கு என்னவோபோல் இருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி

பதில்: டீச்சர், உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. எனக்கும் நேர்ந்தது. பேச்சு ஆய்வு முடிந்து பதினாலு மாதம் ஒரு தகவலும் இல்லை. அந்த ராத்திரி டியூட்டிக் கதையை யாரிடமோ கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் வந்த மாதிரி இருந்தது. கேட்டால் தொந்தரவாக நினைப்பார்களோ என்று தயங்கினேன். பிறகு கேட்டேன். அந்தப் பெண்ணே போனில் வந்து, “மன்னிச்சிருங்க சிஸ்டர், நானே சொல்லியிருக்கணும்” என்றாள். இரண்டு பக்கம் தமிழில் எழுதி அனுப்பினாள். எங்கள் பெயர் எங்கும் இல்லை, எண்தான். ஏழாவது எண் நான் என்று எனக்கு மட்டும் தெரியும். காலை விறைப்பைப் பற்றிய பத்தியில், “ஈரத் துணியை முறுக்கி விரலுக்குள் வைத்த மாதிரி” என்று நான் சொன்னது அப்படியே இருந்தது.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். ஒப்புதல் படிவத்தின் நகல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும், பீரோவில் தேடிப் பாருங்கள். அதில் முதன்மை ஆய்வாளரின் பெயர், ஆய்வு எண் இருக்கும். ஒரு தாளில், “இந்த ஆய்வில் இந்த மாதம் கலந்துகொண்டேன், முடிவுகளின் சுருக்கத்தைத் தமிழில் அனுப்பவும், என் ரத்தப் பரிசோதனை விவரமும் வேண்டும்” என்று எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள். ஆய்வு இன்னும் முடியாமலும் இருக்கலாம், சில ஆய்வுகள் நாலைந்து வருடம் இழுக்கும். அப்படியானால் அதையாவது சொல்லட்டும். ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பதில் வராவிட்டால் படிவத்தில் இருக்கும் நெறிமுறைக் குழுவின் எண்ணுக்குப் பேசுங்கள். நகல் கிடைக்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம், மருத்துவமனைச் சீட்டில் உள்ள உங்கள் ஓ.பி. எண்ணும் நீங்கள் போன தேதியும் போதும், அவர்கள் தேடி எடுத்துவிடுவார்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள் டீச்சர்.